உங்களுக்குத் தெரியுமா? வரிச் சட்டம் மாறும்போது நம் வீட்டுக் கணக்கு எப்படி மாறுகிறது?

பட்ஜெட் தாக்கலானதும் எல்லோருக்கும் ஒரே தலைப்புச் செய்திதான் வருகிறது. ஆனால் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரே தெருவில் குடியிருக்கும் அரசுக் கல்லூரி ஆசிரியர், ஓய்வூதியம் வாங்கும் பெரியவர், மகனைப் பாரிசுக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஆகிய மூவருக்கும் அந்தச் செய்தியின் விளைவு வேறுவேறாக இருக்கிறது. உங்கள் கணக்கு எதில் சேரும்? படித்துப் பாருங்கள்.

★ ஊர்ப் பெயரில் ஒரு நிதிக் குடும்பம்

லாஸ்பேட்டையின் பெயர் 1765இல் புதுச்சேரியின் பொறுப்பை ஏற்ற பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லோரிஸ்தோன் என்பவரிடமிருந்து வந்தது. அவருடைய பெரியப்பாதான் ஜான் லா. 1719இல் பிரான்ஸ் நாட்டின் வரி வசூல் உரிமையையே தன் கம்பெனியின் கையில் எடுத்துக்கொண்டவர் அவர். 1720இல் அந்நாட்டின் நிதித் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதே ஆண்டில் அவருடைய கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. பங்குகளை நம்பிப் பணம் போட்டவர்கள் நொடித்துப்போக, அவரும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

★ புதுச்சேரிக்கு இந்திய வருமான வரி வந்த நாள்

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. இந்திய வருமான வரிச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டது 1963 ஏப்ரல் 1 முதல்தான். ஒன்றியப் பகுதிகளுக்கு வரிச் சட்டங்களை நீட்டிக்கும் தனி ஒழுங்குமுறை ஒன்று இதற்காகவே 1963இல் பிறப்பிக்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பகுதிகளில் வருமான வரி 1860இலேயே ஜேம்ஸ் வில்சன் காலத்தில் தொடங்கிவிட்டது. அந்தப் பகுதிகளுக்கும் நமக்கும் நூறாண்டுக்கும் மேலான இடைவெளி.

★ கோவாவுக்கு உண்டு, நமக்கு இல்லை

போர்ச்சுகீசிய ஆட்சியில் இருந்த கோவாவில் கணவன், மனைவி சொத்து இருவருக்கும் பொது. அதை மதித்து வருமான வரிச் சட்டத்தில் 5ஏ என்ற பிரிவு 1994இல் சேர்க்கப்பட்டு, 1963 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டுச் செல்லும்படி ஆக்கப்பட்டது. சம்பளம் தவிர்த்த வருமானத்தைத் தம்பதியர் இருவர் பெயரிலும் சரிபாதியாகப் பிரித்துக் காட்டலாம். புதுச்சேரியில் 1881 ஆணைப்படி பிரெஞ்சு குடிமைச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆனால் அந்தப் பிரிவில் புதுச்சேரியின் பெயர் இடம்பெறவில்லை.

★ சிக்கிமுக்கு முழு விலக்கு

1975இல் இந்தியாவோடு இணைந்த சிக்கிமில், சிக்கிமியர்கள் அம்மாநிலத்தில் ஈட்டும் வருமானத்துக்கு வரி இல்லை. 2008 நிதிச் சட்டம் இதை 1990 முதல் முன்தேதியிட்டுக் கொண்டுவந்தது. இணைப்புக்கு முன்பே அங்கே குடியேறிய மற்ற இந்தியர்களுக்கும் இது பொருந்தும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிக்கிமியர் அல்லாதவரை மணந்த சிக்கிம் பெண்களை விலக்கி வைத்த விதியையும் அதே தீர்ப்பு நீக்கியது. பின்னர் வந்து சேர்ந்த பகுதி என்பதற்காக மட்டும் யாருக்கும் சலுகை கிடைத்துவிடுவதில்லை. சட்டத்தில் எழுதியிருந்தால்தான் கிடைக்கும்.

★ நூறு ரூபாயில் 97 ரூபாய் 75 காசு

1973–74இல் உச்ச வருமானத்தின் மீதான வரி 85%. அதற்கு மேல் 15% கூடுதல் கட்டணம். இரண்டும் சேர்த்து 97.75%. அன்றைக்கு 11 படிநிலைகள் இருந்தன. 1974இலிருந்து இது படிப்படியாகக் குறைந்தது. 1997இல் சிவகங்கைக்காரரான ப. சிதம்பரம் விகிதங்களை 10, 20, 30 எனக் குறைத்தார். உச்ச விகிதம் 30% என்பது இன்றுவரை தொடர்கிறது.

★ கல்யாணம் ஆனவருக்கு ஒரு வரம்பு, ஆகாதவருக்கு ஒரு வரம்பு

1955–56 பட்ஜெட்டில் திருமணமானவருக்கு வரி விலக்கு வரம்பு 2,000 ரூபாய், ஆகாதவருக்கு 1,000 ரூபாய். பெண்களுக்கென்று தனி வரம்பும் ஒரு காலத்தில் இருந்தது. 2012–13இல் அது போய்விட்டது. யாருக்குச் சலுகை தேவை என்பதைப் பற்றிய அரசின் பார்வை காலந்தோறும் மாறியிருக்கிறது.

★ 1961 சட்டத்துக்கு விடை

64 ஆண்டுக்கு மேல் புழங்கிய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக ‘வருமான வரிச் சட்டம், 2025’ வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 21இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அது, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. 536 பிரிவுகள், 23 அத்தியாயங்கள், 16 அட்டவணைகள். ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்று நம்மைக் குழப்பிய இரட்டைப் பெயர்கள் நீங்கி, ‘வரி ஆண்டு’ என்ற ஒரே பெயர் வருகிறது. 2025–26 வருமானத்துக்கான ரிட்டர்ன் மட்டும் பழைய சட்டத்தின்படியே.

★ 80சி இனி 123

வாய்ப்பாடுபோல மனப்பாடமாக இருந்த எண்களும் மாறுகின்றன. சேமிப்புக்கான 80சி, புதிய சட்டத்தில் பிரிவு 123. தள்ளுபடி தரும் 87ஏ, பிரிவு 156. கழிவுகளைக் குறைத்து விகிதங்களையும் குறைத்த புதிய வரி முறையைச் சொல்லும் 115பிஏசி, பிரிவு 202. எண் மாறியதால் சலுகை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 80சி கழிவின் ஒன்றரை லட்சம் வரம்பு அப்படியேதான் இருக்கிறது.

★ 12 லட்சம் வரை வரி இல்லை என்பது பாதி உண்மை

2025 பட்ஜெட்டின்படி புதிய முறையில் விலக்கு வரம்பு 4 லட்சம் மட்டுமே. 4 முதல் 8 லட்சம் வரை 5%, 8 முதல் 12 வரை 10%, 12 முதல் 16 வரை 15%, 16 முதல் 20 வரை 20%, 20 முதல் 24 வரை 25%, அதற்கு மேல் 30%. 12 லட்சம் வருமானத்துக்குக் கணக்குப்படி 60,000 ரூபாய் வரி வருகிறது. அந்த 60,000 முழுவதையும் அரசு தள்ளுபடி செய்கிறது. சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு என்பதால் 12.75 லட்சம் வரை வரி இல்லை.

★ பத்தாயிரம் கூடினால் அறுபதாயிரம் போகுமா?

போகாது. நிகர வருமானம் 12,10,000 என்றால் கணக்குப்படி வரி 61,500. ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய தொகை 10,000தான். அதைவிட அதிகமாக வரி வாங்கக் கூடாது என்ற விளிம்பு நிவாரணம் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே வரி 10,000, செஸ் 400, மொத்தம் 10,400. சம்பள உயர்வு வந்தால் பெரிய நட்டம் என்று பயந்தவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

★ பங்கு லாபத்துக்குத் தள்ளுபடி கிடையாது

பங்கு, பங்கு சார்ந்த பரஸ்பர நிதி லாபத்துக்குத் தனி விகிதம். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால லாபத்துக்கு 12.5%, குறுகியகால லாபத்துக்கு 20%. நீண்டகால லாபத்தில் ஆண்டுக்கு முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை. இந்தத் தனி விகித வரியின் மீது புதிய முறையின் தள்ளுபடி செல்லாது. ‘என் வருமானம் 12 லட்சத்துக்குள்தானே’ என்று இருப்பவர்கள் பங்கு விற்ற கணக்கைத் தனியே பார்க்க வேண்டும்.

★ ஓர் ஆசிரியரின் கணக்கு

சம்பளம் 14 லட்சம். சொந்த வீட்டுக்கு வங்கிக் கடன். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி சேமிப்பு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம் ஆகியவற்றைக் கழித்தால் 9.75 லட்சம். வரி செஸ்ஸோடு 1,11,800. புதிய முறையில் 75,000 மட்டும் கழித்து 13.25 லட்சம். வரி செஸ்ஸோடு 81,900. இத்தனை கழிவு இருந்தும் புதிய முறையில் 29,900 ரூபாய் மிச்சம். இதோடு வாடகைப்படிக் கழிவும் பெரிதாக உள்ளவருக்கு விடை மாறலாம். பக்கத்து வீட்டார் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது உங்கள் கணக்குக்கு உதவாது.

★ முறையை ஆண்டுதோறும் மாற்றலாம்

2023–24 முதல் புதிய முறைதான் இயல்பான தேர்வு. வாயைத் திறக்காமல் இருந்தால் அதில்தான் சேர்ப்பார்கள். சம்பளக்காரரும் ஓய்வூதியரும் ரிட்டர்ன் போடும்போது ஆண்டுக்காண்டு மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பழைய முறைக்குப் போய்விட்டுத் திரும்ப அவருக்கு ஒரே ஒரு வாய்ப்புதான்.

★ சென்னையில் 50, புதுச்சேரியில் 40

வாடகைப்படி விலக்குக்கு மூன்று அளவுகோல்கள். அதில் குறைந்ததே விலக்கு. அவற்றுள் ஒன்று, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் குறிப்பிட்ட விழுக்காடு. சென்னைவாசிக்கு அது 50%, நமக்கு 40%. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மாதம் 60,000 என்றால் சென்னையில் உச்ச அளவு 30,000, லாஸ்பேட்டையில் 24,000. சென்னையிலிருந்து இங்கே மாற்றலாகி வருபவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். இந்த விலக்கு பழைய முறையில் மட்டுமே.

★ வயதுக்கு மரியாதை பழைய முறையில் மட்டும்

பழைய முறையில் விலக்கு வரம்பு 2.5 லட்சம். 60 வயதானால் 3 லட்சம், 80 ஆனால் 5 லட்சம். புதிய முறையில் 25 வயதுக்காரருக்கும் 85 வயதுக்காரருக்கும் ஒரே 4 லட்சம். மூத்த குடிமக்களின் வைப்புத்தொகை வட்டிக்கு 50,000 வரை கிடைக்கும் கழிவும் பழைய முறையோடு சரி. தள்ளுபடி இருப்பதால் பெரும்பாலான ஓய்வூதியருக்குப் புதிய முறையே லாபம்.

★ வங்கி பிடிப்பது இறுதி வரி அல்ல

2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களின் வட்டி ஓர் ஆண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் வங்கி டி.டி.எஸ். (மூலத்திலேயே கழிக்கும் வரி) பிடிக்கும். முன்பு இந்த வரம்பு 50,000. மற்றவர்களுக்கு 40,000 என்பது 50,000 ஆகியிருக்கிறது. பிடிக்கவில்லை என்பதற்காக வரி இல்லை என்று ஆகாது. பிடித்துவிட்டதால் கணக்கு முடிந்தது என்றும் ஆகாது. வரியே வராத வருமானம் உள்ள மூத்த குடிமக்கள், 15எச் என்று நாம் பழகிய உறுதிமொழிப் படிவத்தை நிதியாண்டின் தொடக்கத்திலேயே வங்கியில் கொடுத்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்பப் பெற முடியும்.

★ 75 வயதுக்கு மேல்

75 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு ஓய்வூதியமும் அதே வங்கியில் வரும் வட்டியும் மட்டுமே வருமானம் என்றால், ரிட்டர்ன் போட வேண்டாம். அறிவிக்கப்பட்ட வங்கியில் ஓர் உறுதிமொழி தந்தால் வங்கியே கணக்குப் போட்டு வரியைப் பிடித்துக்கொள்ளும். 2021 நிதிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. வேறொரு வங்கியிலிருந்து வட்டி வந்தால் இது பொருந்தாது.

★ குடும்ப ஓய்வூதியத்துக்கும் கழிவு உண்டு

கணவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்களுக்கு 75,000 நிலையான கழிவு கிடையாது. அவர்களுக்கு வேறு கணக்கு. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அது. பழைய முறையில் இந்த உச்சம் 15,000. 2024 ஜூலை பட்ஜெட்தான் புதிய முறையில் இதை உயர்த்தியது.

★ மனை விற்றால் இரண்டு கணக்கு

2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், வீட்டை விற்கும்போது, இங்கே குடியிருக்கும் தனிநபருக்கு இரண்டு வழிகள். விலைவாசி உயர்வைக் கழிக்காமல் லாபத்தில் 12.5%, அல்லது கழித்தபின் 20%. 2018–19இல் 40 லட்சத்துக்கு வாங்கிய மனையை 2025–26இல் 52 லட்சத்துக்கு விற்றால், முதல் வழியில் வரி 1.5 லட்சம். இரண்டாம் வழியில் வாங்கிய விலை, குறியீட்டின்படி (280இலிருந்து 376) சுமார் 53.7 லட்சமாகிவிடும். வரியே இல்லை. 2001இல் 5 லட்சம் மதிப்பிருந்த மனை 60 லட்சத்துக்குப் போனால் முதல் வழியில் 6,87,500. இரண்டாம் வழியில் 8,24,000. முதல் மனைக்கு 20%, இரண்டாவதற்கு 12.5% லாபம். செஸ் தனி.

★ பாட்டி காலத்து மனையா?

2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அந்தத் தேதியின் சந்தை மதிப்பை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது என்று 2020 நிதிச் சட்டம் கட்டுப்பாடு விதித்தது. விற்கும் முன்பே அந்த மதிப்புக்கான சான்றைப் பதிவுத் துறையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

★ வயல் என்றாலும் தூரம் பார்க்க வேண்டும்

கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு வரி இல்லை. எது கிராமப்புறம்? ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை மக்கள்தொகை கொண்ட நகராட்சியின் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். லாஸ்பேட்டை அடங்கிய உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை 2011இலேயே 3 லட்சம். தூரத்தைச் சாலை வழியாக அளக்கக் கூடாது, வான்வழி நேர்க்கோட்டில் அளக்க வேண்டும்.

★ பாஸ்போர்ட்டா, தங்கிய நாட்களா?

வரியைத் தீர்மானிப்பது தங்கிய நாட்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரும் ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் குடியிருப்பவராகிறார். குறைந்த நாட்களுக்கும் தனி விதிகள் உண்டு. பிரான்சிலிருந்து வரும் ஓய்வூதியத்துக்கு எந்த நாடு வரி வாங்கலாம் என்பதை 1992இல் கையெழுத்தான இந்திய–பிரெஞ்சு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் சொல்கிறது. எந்த வகை ஓய்வூதியம், பெறுபவர் எந்நாட்டுக் குடிமகன் என்பதையெல்லாம் பார்த்துத்தான் அதற்கு விடை காண முடியும்.

★ அங்கே குடும்பம், இங்கே தனிநபர்

பிரான்சில் கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் வரி அலகு. 1945 முதல் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப அங்கே வரி குறைகிறது. இந்தியாவில் ஒவ்வொருவரும் தனித்தனி. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்கும், அதே தொகையை இருவர் சேர்ந்து சம்பாதிக்கும் வீட்டுக்கும் நம் நாட்டில் வரி வேறாவது இதனால்தான்.

★ வெளிநாட்டுக்காரரிடம் வீடு வாங்குகிறீர்களா?

விற்பவர் இங்கே குடியிருப்பவர் என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்குபவர் 1% டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். கணவன், மனைவி ஆளுக்குப் பாதியாக வாங்கினாலும் மொத்த விலைதான் கணக்கு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் 50 லட்சம் வரம்பே கிடையாது. நீண்டகால லாபத்துக்கான விகிதம் 12.5%, செஸ் தனி. பிடிக்காமல் விட்டால் வாங்கியவரே பொறுப்பு. 12 லட்சம் வரையிலான தள்ளுபடியும், விலைவாசி கழித்த 20% வழியும் வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு இல்லை.

★ மொய்ப் பணத்துக்கு வரி உண்டா?

மணமக்களுக்குத் திருமணத்தில் வரும் மொய்க்கு எவ்வளவானாலும் வரி இல்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா மொய்க்கு அந்த விலக்கு கிடையாது. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஆண்டில் 50,000க்கு மேல் வந்தால் முழுத் தொகையும் வருமானத்தில் சேரும். யார் உறவினர்? தாய்மாமன், அத்தை, சித்தப்பா, மைத்துனர், நாத்தனார் எல்லோரும் உறவினரே. மாமன் மகன் இல்லை. தாய்மாமன் அக்கா மகனுக்குத் தந்தால் வரி இல்லை. அதே அக்கா மகன் தாய்மாமனுக்கு ஒரு லட்சம் தந்தால் மாமனுக்கு வரி உண்டு. ஏனென்றால் மாமனின் உறவினர் பட்டியலில் அக்கா மகன் இடம்பெறவில்லை.

★ காப்பீட்டுப் பிரீமியம் குறைந்தது

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மீதான 18% ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. குழுக் காப்பீட்டுக்கு இது பொருந்தாது. புதுப்பிக்கும்போது ரசீதில் ஜி.எஸ்.டி. சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

★ நாம் கட்டும் வரி நமக்குத் திரும்புகிறதா?

வருமான வரி உள்ளிட்ட மத்திய வரிகளின் பகிர்வுத் தொகுப்பில் 41% மாநிலங்களுக்கு என்று 15ஆவது நிதிக் குழு வகுத்தது. புதுச்சேரி சட்டப்பேரவை கொண்ட ஒன்றியப் பகுதி. ஜி.எஸ்.டி.யில் மாநிலங்களைப் போலத் தனிச் சட்டமே உண்டு. ஆனால் நிதிக் குழுப் பகிர்வில் இடம் இல்லை. அந்தப் பகிர்வுக்குப் பதிலாக மத்திய அரசின் மானியத்தைத்தான் புதுச்சேரி நம்பியிருக்கிறது. நிதிக் குழு வரம்பில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இங்கே எழுகிறது. அது நியாயமான கோரிக்கை.

★ தாமதித்தால் பழைய முறை இல்லை

சம்பளக்காரருக்கு ஜூலை 31 கடைசி நாள். தவறினால் அபராதக் கட்டணம் 5,000. வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. அதைவிடப் பெரிய இழப்பு, பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடுவதுதான். விட்டுப்போன வருமானத்தை நாமாக முன்வந்து காட்ட முன்பு இரண்டு ஆண்டு அவகாசம். 2025 நிதிச் சட்டம் அதை நான்கு ஆண்டாக்கியது. ஆனால் தாமதத்துக்கேற்பக் கூடுதல் வரி 25%இலிருந்து 70% வரை ஏறும்.

★ கையெழுத்து உங்களுடையது

2025 ஜூலை 14 அன்று, போலிக் கழிவுகள் காட்டி ரீஃபண்டு வாங்கித் தந்தவர்களைக் குறிவைத்து, வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. கட்டாத வாடகை, கொடுக்காத நன்கொடை என எதை எழுதினாலும் சட்டத்தின் முன் பொறுப்பு ரிட்டர்ன் போட்டவருக்கே. கமிஷன் வாங்கியவர் கைவிரித்துவிடுவார்.

அதனால் இந்த ஆண்டு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஃபார்ம் 16, வங்கி வட்டிச் சான்று, வருமான வரி இணையதளத்தில் உள்ள உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கை மூன்றையும் எதிரே வைத்துக்கொண்டு, இரண்டு முறைகளிலும் வரியை உங்கள் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு ஆடிட்டரிடம் போங்கள். வீட்டில் ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் இருந்தால் அவர் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக் கொடுங்கள்.